திறக்காத டப்பா

போன வாரம் இந்தப் பக்கத்தை என் முதுகுவலியோடு விட்டிருந்தேன். ஜிஸ்லேனின் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு எபினே-சூர்-செய்ன் வரைக்கும் போய், மச்சினி சுசான் வீட்டில் இறக்கி வைத்துவிட்டு வந்த கதை அது. என் பெண்டாட்டி உயிராக வைத்திருந்த மெஷின். "அவளாவது தைக்கட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். எனக்கு அந்த வார்த்தையைவிட மெஷினின் கனம்தான் பெரிசாகத் தெரிந்தது.

அதற்கு முந்தின வாரம் கல்லறைத் திருநாள். பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மகள் அருள்மலர் கழுத்தில் போட்டாள். பிறந்தநாளா, பெருநாளா, ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்குப் போட வேண்டியதை இப்போதே ஏன் போடுகிறாய் என்று கேட்டேன். இருக்கட்டும், அவளே போட்டுக்கட்டும் என்றாள். பதினைந்து வயசுப் பெண்ணுக்குச் சங்கிலி கிடைத்தால் கசக்குமா? மலர் கண்ணாடி முன்னாடியே நின்றாள்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். என் பேர் பிலிப், புதுச்சேரிக்காரன், பிரெஞ்சுத் தபால் இலாகாவில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்குகிற உத்தியோகம். லா ஷப்பேல் வட்டாரத்தில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாம் மாடியில் குடியிருக்கிறோம். ஜிஸ்லேன் இந்த வட்டாரத்து டிஸ்பான்சேரில் நர்ஸ். காய்ச்சல் இருமலுக்கான டிஸ்பான்சேர் இல்லை, மனசு உடைந்து போனவர்களுக்கானது. அங்கே நம் நிறத்தில் இருக்கிற ஒரே ஆள் இவள்.

அதனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஈழத்திலிருந்து ஓடி வருகிற பெடியன்கள் எல்லாரும் இவள் தலையில். தமிழ் பேசுகிறாள் என்பதால் அது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். பெங்காலிக்காரரையும் பாகிஸ்தானியையும் ஏன் இவளிடம் அனுப்புகிறார்கள்? "நீங்கள் அந்தப் பக்கம்தானே" என்கிறார்களாம். இவளுக்கு வங்காளமும் தெரியாது, உருதுவும் தெரியாது. போதாக்குறைக்கு, பிரெஞ்சு நர்ஸ்தான் வேண்டும் என்று இவள் முகத்துக்கு நேரே கேட்கிற கிழவி ஒருத்தி இருக்கிறாள். இவள் தாத்தா காலத்திலிருந்தே இவள் வீட்டில் பிரெஞ்சு பாஸ்போர்ட்தான் என்று அந்தக் கிழவியிடம் யார் போய்ச் சொல்வது?

அந்த டிஸ்பான்சேரில் வியாழக்கிழமை தோறும் ஒரு கூட்டம் உண்டு. டாக்டர்களும் நர்ஸுகளும் வட்டமாக உட்கார்ந்து, அந்த வாரம் காதில் விழுந்த கதைகளை ஒருத்தர் மேல் ஒருத்தர் இறக்கி வைப்பார்களாம். இல்லாவிட்டால் வேலை செய்கிறவனே படுத்துவிடுவான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஹோட்டல் வேலை செய்கிற பெடியன்களுக்கு வியாழக்கிழமை மத்தியானம்தான் ஓய்வு. அதனால் மற்றவர்கள் இறக்கி வைக்கிற நேரத்தில் இவள் மட்டும் அடுத்த அறையில் ஏற்றிக்கொண்டிருப்பாள்.

ஏற்றியதை எங்கே வைப்பாள்? வீட்டுக்குத்தான் கொண்டு வருவாள். ராத்திரி தூக்கத்தில் "ஓம், ஓம்" என்பாள். யாழ்ப்பாணத்துப் பேச்சு. யாரிடம் ஆமாம் சொல்கிறாய், எந்தப் பெடியனைக் கட்டிக்கொள்ளப் போகிறாய் என்று காலையில் நான் கிண்டல் பண்ணுவேன். முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

சரி, டப்பாவுக்கு வருகிறேன்.

தனியாக இருக்கிற பிள்ளைகள் சாப்பிடுவதில்லை என்று ஜிஸ்லேன் எவர்சில்வர் டப்பாவில் சோறு குழம்பு கட்டிக் கொடுப்பாள். டிஸ்பான்சேர் சட்டப்படி அது தப்பு. வீட்டு விலாசம் கொடுப்பதும் தப்பு. ஆனால் "அக்கா" என்று வாசலில் வந்து நிற்கிறவனிடம் திங்கட்கிழமை ஆபீசுக்கு வா என்று எந்த நாக்கால் சொல்வது? சோறு போன டப்பா வெறும் டப்பாவாகத் திரும்பி வராது. அது அவர்களுக்கும் வழக்கம், நமக்கும் வழக்கம். கொஞ்சம் சர்க்கரை, ஒரு ஆரஞ்சு, அவர்கள் கச்சான் என்கிற வேர்க்கடலை ஒரு பிடி, எதையாவது போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்கள்.

கொஞ்ச நாளாக ஜிஸ்லேன் வந்த டப்பாக்களைத் திறக்கவில்லை. சமையலறை மேடையில் அப்படியே வரிசையாக வைத்திருந்தாள். திறந்தால் கழுவ வேண்டும், கழுவினால் திரும்பவும் நிரப்ப வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ. எனக்கு அது கண்ணில் பட்டது, மனசில் படவில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் காலை ஷிஃப்ட் முடித்து மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். வழியில் மெத்ரோ வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் என் அடையாள அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள். செப்டம்பரில் இந்த ஊரில் குண்டு வெடித்ததிலிருந்து கறுத்த முகம் எதைப் பார்த்தாலும் அவர்களுக்கு ஒரு சந்தேகம். வாய்க்குள் திட்டிக்கொண்டே படியேறினேன்.

ஜிஸ்லேன் சாப்பாட்டு மேஜையில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கரண்டி கையில் இருந்தது. சோறு வெந்து, தண்ணீர் வற்றி, அடிப்பிடிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. நான் அடுப்பை அணைத்தேன். மலர் எதையாவது தின்னலாம் என்று மேடையில் இருந்த டப்பாக்களில் கடைசியாக வந்ததை எடுத்தாள். காலையில் ரொட்டி வாங்கப் போன ஜிஸ்லேன், கதவுக் கைப்பிடியில் ரோஸ் கட்டம் போட்ட தாத்தி துணிக்கடைப் பையில் தொங்கியதைக் கொண்டுவந்து வைத்தாளாம்.

மலர் மூடியைத் திறந்தாள். கச்சானும் இல்லை, சர்க்கரையும் இல்லை. "அம்மா, இதில் ஒரு வாட்ச் இருக்கிறது" என்று பிரெஞ்சில் சொன்னாள்.

ஜிஸ்லேன் தலையைத் தூக்கினாள். டப்பாவுக்குள் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். 

அது யோகநாதனின் வாட்ச். ரூ லூயி-பிளாங்கில் தில்லையம்பலம் ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிற பையன், இருபத்தாறு வயசு இருக்கும். காணாமல் போன அவன் அண்ணன் கட்டியிருந்த வாட்ச் அது. கழற்ற மாட்டான். பாத்திரம் கழுவும்போதுகூட மணிக்கட்டில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் போட்டுக்கொள்வான். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் பேச்சு நடுவில் அதைக் காதில் வைத்துக் கேட்டுக்கொள்வான்.

"மறந்து வச்சிருப்பான்" என்றேன்.

"இல்லைங்க. உயிரா வச்சிருக்கிறதை ஒருத்தன் எடுத்துக் குடுத்தான்னா, அவன் போறதுக்கு முடிவு பண்ணிட்டான்."

எங்கே போவதற்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது. மலருக்கும் புரிந்துவிட்டது. அவள் கையில் மூடி அப்படியே இருந்தது.

இப்படி ஒரு சேதி வந்தால் ஜிஸ்லேன் செருப்பு மாட்டுவதற்கு முன்னால் படியில் பாதி இறங்கியிருப்பாள். அன்றைக்கு எழுந்து நின்றாள், ஒரு அடி வைத்தாள், அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னால் முடியவில்லை என்றாள். கால் வரமாட்டேன் என்கிறது என்றாள். எத்தனையோ வருஷமாகக் கூட வாழ்கிறேன், இந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டதில்லை. பையனுக்கு என்ன ஆயிற்றோ என்ற பயம் ஒரு பக்கம், இவளுக்கு என்ன ஆகிறதோ என்ற பயம் ஒரு பக்கம், எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

போலீசுக்குப் போன் பண்ணலாமா என்றேன். கூடவே கூடாது என்றாள். அவனுக்கு இன்னும் அகதிப் பத்திரம் கிடைக்கவில்லை. யூனிஃபார்மைப் பார்த்தால் எந்தப் பக்கம் ஓடுவான் என்று சொல்ல முடியாதாம். டிஸ்பான்சேருக்குச் சனிக்கிழமை விடுமுறை. அங்கே டாக்டராக இருக்கிற கிரெவான் என்ற அம்மாளின் வீட்டு நம்பருக்கு அடித்தோம், யாரும் எடுக்கவில்லை. விடாமல் அடித்துக்கொண்டே இரு என்று மலரைப் போன் பக்கத்தில் உட்கார வைத்தோம். ஜிஸ்லேனின் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். மேல்கோட்டை நானே மாட்டிவிட்டேன்.

படியிறங்கும்போது அவள் எனக்குப் பாடம் சொன்னாள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"அவனை நீங்க முதல்ல பார்த்தீங்கன்னா சுத்தி வளைக்காதீங்க. சாகணும்னு நினைக்கிறியான்னு நேரா கேளுங்க."

"அய்யோ, அதைப் போய் எப்படிக் கேக்கிறது? இல்லாத நினைப்பை நானே உண்டாக்கிட்டேன்னா?"

"கேக்கிறதால அந்த நினைப்பு வராது. யாரும் கேக்கலையேன்னுதான் அது வளரும்."

தில்லையம்பலம் கடையில் மத்தியானக் கூட்டம் முடிந்திருந்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் எங்களைக் கண்டதும் எழுந்துவிட்டார். பெடியன் இன்றைக்கு வரவில்லை என்றார். எங்கே என்று தெரியாது என்றார். அவருக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும், குரலை இறக்கிக்கொண்டார்.

"நேற்று எல்லாத்தையும் மினுக்கி வச்சிட்டுப் போனவன் அண்ணை. ஏப்ரனையும் மடிச்சு வச்சிட்டான். கோட்டைக் கழட்டிச் சிவமணிக்குக் குடுத்திருக்கிறான், தனக்குக் குளிரேல்லை எண்டு சொன்னவனாம்."

சமையலறை வாசலில் சிவமணி அந்தக் கோட்டோடு நின்றான். இந்த நவம்பர் குளிரில் கோட்டில்லாமல் ஒரு பையன் எங்கேயோ இருக்கிறான். சிவமணி கோட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினான். நான் வாங்கிக் கையில் போட்டுக்கொண்டேன்.

யோகநாதன் தங்கியிருந்த அறை அந்தக் கடைக்கு மேலேதான். விடிவதற்கு முன்னால் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போனான், படுக்கையை விரித்துச் சுத்தமாக வைத்திருக்கிறான் என்று கூட இருக்கிறவர்கள் சொன்னார்கள். ஜிஸ்லேன் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறம் நாங்கள் தேடிய தேடலை எழுதினால் இந்த வாரப் பக்கம் பற்றாது. பக்கத்தில் ஓடுகிற வாய்க்கால் கரையோரமாக அவள் ஒரு பக்கம், நான் எதிர்ப் பக்கம். தண்ணீரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்த ஒவ்வொருத்தன் முகத்தையும் குனிந்து பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரன் திட்டினான். கார் துய் நோர் ரயில் ஸ்டேஷனுக்குள் போய்த் தூணுக்குத் தூண் பார்த்தோம். மாதாவே, அந்தப் பிள்ளையைக் காப்பாத்து என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டே நடந்தேன். இருட்டத் தொடங்கியதும் ஜிஸ்லேனுக்குப் பல் கிட்டித்துக்கொண்டது. வீட்டுக்குப் போய் டாக்டர் கிடைத்தாரா என்று பார்ப்போம் என்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் கட்டடத்துப் படிக்கட்டு விளக்கு பொத்தானை அமுக்கினால் எரியும், கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும். அன்றைக்கு மூன்றாம் மாடியில் ஏறிக்கொண்டிருந்தபோது அணைந்தது. சுவரைத் தடவிக்கொண்டு நின்றோம். நான் பொத்தானைத் தேடுவதற்குள் விளக்கு எரிந்தது.

நான் அமுக்கவில்லை. ஜிஸ்லேனும் அமுக்கவில்லை. மேலே யாரோ அமுக்கியிருக்கிறார்கள்.

எங்களுக்கு மேலே ஐந்தாம் மாடிக்காரர்கள் ஊரில் இல்லை. ஆறாம் மாடியில் பூட்டிக் கிடக்கிற சின்ன அறைகள்தான், யாரும் குடியில்லை. அதற்கு மேலே கூரை ஜன்னல். ஜிஸ்லேன் என் கையை உதறிவிட்டு ஏறினாள். மத்தியானம் கால் வரவில்லை என்றவள் எப்படி ஏறினாள் என்று எனக்குத் தெரியாது. நான் கோட்டோடு பின்னால் ஓடினேன்.

கடைசிப் படியில் யோகநாதன் உட்கார்ந்திருந்தான். சட்டையோடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு. தலைக்கு மேலே ஜன்னல் திறந்திருந்தது, குளிர்காற்று அடித்தது. நாங்கள் ஊரெல்லாம் தேடிய நேரம் முழுக்க, எங்கள் வீட்டுக்கு மேலேயே, இருட்டுக்குப் பயந்து அந்தப் பொத்தானை அமுக்கி அமுக்கி உட்கார்ந்திருக்கிறான்.

ஜிஸ்லேன் ஓடிப்போய் அணைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். இல்லை. இரண்டு படி கீழே உட்கார்ந்தாள். ஜன்னலை மூடச் சொல்லி எனக்குக் கண்ணால் காட்டினாள். மூடினேன். கோட்டை அவன் தோளில் போட்டேன், அவன் தடுக்கவில்லை.

"யோகா, சாகணும்னு நினைக்கிறியா?" என்று கேட்டாள். சாப்பிட்டியா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"ஓம், அக்கா."

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை வந்ததும் அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அவள் அவசரப்படவில்லை. எப்போதிலிருந்து, இப்போதும் அப்படி இருக்கிறதா, தனியாக விட்டால் பயமாக இருக்கிறதா என்று ஒன்றொன்றாகக் கேட்டாள். அவன் ஒன்றொன்றாகச் சொன்னான். ஜன்னல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பித் திரும்பி வந்து உட்கார்ந்தானாம்.

கடைசியில், எங்கள் வாசல் வரைக்கும் வந்தவன் ஏன் மணி அடிக்கவில்லை என்று கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். சொல்லலாமா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தான்.

"காலமை மணி அடிக்கத்தான் வந்தனான், அக்கா. உள்ளுக்கை நீங்கள் அழுறது கேட்டது. தண்ணிக் குழாயைத் திறந்துவிட்டிட்டு அழுதனீங்கள். அக்காவுக்கும் ஏலாமல் போட்டுது, இனி நான் ஆரிட்டைப் போறது எண்டு நினைச்சன்."

விளக்கு அணைந்தது. யாரும் பொத்தானை அமுக்கவில்லை.  நான்தான் தடவிப் போய் அமுக்கினேன். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டே அமுக்கினேன்.

கீழே வீட்டுக்கு வந்தபோது மலர் போனில் டாக்டரைப் பிடித்துவிட்டிருந்தாள். கிரெவான் அம்மா நேரே ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பிலிப் அண்ணையும் வந்தால் வருகிறேன் என்றான் யோகநாதன். டாக்சியில் அவன் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தான். ஜிஸ்லேன் பையிலிருந்து வாட்சை எடுத்து அவன் மணிக்கட்டில் கட்டினாள். இதை நான் வைத்துக்கொள்ள மாட்டேன், உன் அண்ணன் உன்னிடம் கொடுத்தது என்றாள். அவன் அதைக் காதில் வைத்துக்கொண்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். ராத்திரிக்கு ஒரு ஆள் பக்கத்திலேயே இருப்பார் என்றார்கள். பையன் பிழைத்தான். பெருமூச்சு விட்டு நடைவழி நாற்காலியில் சாய்ந்தேன். இனிமேல் பயப்பட ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

டாக்டர் கிரெவான், ஜிஸ்லேனை எதிரில் உட்கார வைத்துக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். வேறு எதையெல்லாம் எடுத்துக் கொடுத்தான் என்று கேட்டார். கோட்டை ஒருத்தனுக்கு, வாட்சை எனக்கு என்றாள் ஜிஸ்லேன். எல்லாருக்கும் முறையாகச் செய்து வைத்துவிட்டு, ஒருத்தரிடமும் சண்டை போடாமல், அமைதியாக இருந்திருக்கிறான், அந்த அமைதியை நான் கவனிக்கவில்லை என்றாள். அது அவள் வேலைப் பேச்சு, தெளிவாகப் பேசினாள்.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கோட்டு. வாட்ச். என் முதுகு வலித்தது. எதற்காக இந்த வலி என்று நினைத்தேன். தையல் மெஷின்.

 சுசானுக்கு மெஷின். மலருக்குச் சங்கிலி. இந்த வாரம் முழுக்க வீட்டில் ஒரு சண்டை கிடையாது. நான் நிம்மதியாக இருந்தேனே, பாவி.

டாக்டர் என்னைப் பார்த்துத் திங்கட்கிழமை உங்கள் மனைவி வேலைக்கு வர வேண்டாம், அவரும் உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டும், இதை நாங்கள் முன்னமே பார்த்திருக்க வேண்டும் என்றார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. இன்றைக்குத்தான் கண் தெரிந்ததா என்று கேட்க வாய் வந்தது. என் வீட்டுக்குள் இருந்த எனக்கே தெரியவில்லை, அந்த அம்மாவை என்னத்தைக் கேட்பது.

வீட்டுக்கு வந்ததும் ஜிஸ்லேன் முகம் கழுவப் போனாள். நான் மலரைக் கூப்பிட்டு, அம்மா காலையில் அழுததைக் கேட்டாயா என்று மெதுவாகக் கேட்டேன். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். பிரெஞ்சில்தான் பதில் சொன்னாள். தினமும்தானே அப்பா, நீங்கள் வேலைக்குக் கிளம்பினதும், குழாயைத் திறந்துவிட்டு. உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன். சொல்லிக்கொண்டே சங்கிலியைப் பிடித்துத் திருகினாள். அப்புறம் அவளே கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். இது எனக்கு இப்போது வேண்டாம் என்று சொன்னதை மட்டும் தமிழில் சொன்னாள்.

சமையலறையில் ஜிஸ்லேன் திறக்காத டப்பாக்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். சங்கிலியை மேஜையில் வைத்தேன். காபி போடட்டுமா என்று கேட்க வாய் வந்தது. லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய் வரலாம் என்று சொல்ல வாய் வந்தது. சுற்றி வளைக்காதே என்று அவள்தானே சொன்னாள்.  அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஜிஸ்லேன், சாகணும்னு நினைக்கிறியா?"

அவள் சங்கிலியைப் பார்த்தாள். சே, என்ன பேச்சு இது என்று திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டு ஜிஸ்லேன், திட்டு என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் திட்டவில்லை.

வாசல் மணி அடித்தது.

கதவுக்கு வெளியே ஒரு பெண் குரல், படியேறிய களைப்போடு. "அக்கா நிக்கிறாவோ?"

பழக்க தோஷம். ஜிஸ்லேன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முகத்தில் அந்த அக்கா முகம் வந்துவிட்டது. நான் கையை விடவில்லை. உட்காரு, கேட்டதுக்குப் பதில் சொல்லு என்றேன். மலர் நடையில் வந்து நின்று எங்களையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மணி மறுபடி அடித்தது.

ஜிஸ்லேன் உட்கார்ந்தாள். என் கையைத் திருப்பிப் பிடித்தாள். புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவள், தூக்கத்தில் சொல்கிற அந்த வார்த்தையை முழித்திருந்து சொன்னாள்.

"ஓம்."

மலர் கதவைத் திறக்கப் போனாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். எங்கள் வீட்டு வாசலில் நின்று அக்கா என்று கூப்பிட்ட யாருக்கும் அந்தக் கதவு அதுவரை திறக்காமல் இருந்ததில்லை.